கையுறைக்குள் வெப்பமானி

ஜனவரி பிறந்துவிட்டால் ஸ்காபரோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய பாடம் உடுப்புத்தான். பனிக்காற்சட்டை, சப்பாத்து, ஜாக்கெட், தொப்பி, கடைசியாகக் கையுறை. கையுறையை முந்திப் போட்ட பிள்ளையால் ஜாக்கெட் சிப்பை இழுக்க முடியாது. கழற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஒன்ராறியோவின் 2020 கணிதப் பாடத்திட்டம் முதலாம் வகுப்பிலேயே கோடிங்கைக் கொண்டுவந்தது. நான் அதை இந்த உடுப்பு வரிசையில்தான் தொடங்குகிறேன். எது முதல், எது பிறகு என்று படமாக வரைகிறார்கள். ஒருவர் எழுதிய கட்டளைப்படி இன்னொருவர் உடுத்துகிறார். பிழை எங்கே என்பது உடனே தெரிந்துவிடும், சிரிப்பும் வந்துவிடும்.

"வீட்டுப்பாடமும் இல்லை, நனைந்துபோய் வாறாள். என்னதான் படிக்கிறாள், ரீச்சர்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

இந்தக் குளிர்கால மாதங்களில் அறிவியலில் பருவ மாற்றங்களைப் பார்க்கிறோம். முற்றத்திலிருந்து சில கண்ணாடிக் குவளைகள் நிறையப் பனி அள்ளி வருவோம். உருகினால் தண்ணீர் எதுவரை நிற்கும்? ஒவ்வொருவரும் தம் ஊகத்துக்கு ஒரு நிற நாடா ஒட்டுவார்கள். அநேகமாக எல்லா நாடாவும் விளிம்போடு நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் தண்ணீர் எங்கேயோ கீழே கிடக்கும். "யாரோ குடித்துவிட்டார்கள்" என்று விசாரணை நடக்கும். புதிதாக விழுந்த பனியில் பெரும்பங்கு காற்றுத்தான்; பத்து சென்றிமீற்றர் பனி உருகினால் ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் தண்ணீர்தான் வரும். இதை நான் முதலில் சொல்வதில்லை. அமுக்கி நிரப்பிய குவளையில் மட்டும் தண்ணீர் கூட நிற்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பேன். அடியில் தங்கும் கறுப்பு அழுக்கைப் பார்த்தபின் கொஞ்ச நாளைக்குப் பனியை வாயில் வைக்கமாட்டார்கள் என்பது ஓர் உபரி இலாபம்.

கையுறை விசயம் இதைவிடக் கடினம். கையுறை சூடு தரும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். சரி, அதற்குள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள் என்றால், இரவு முழுக்க வைத்தாலும் அறையின் வெப்பநிலையைத்தான் காட்டும். ஆனாலும் நம்பிக்கை அசையாது. 1990இல் வாட்சன், கோனிசெக் என்ற இரு கல்வியாளர்கள் எழுதிய கட்டுரையில் அமெரிக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள்ளும் தொப்பிக்குள்ளும் வெப்பமானி வைத்தார்கள். அது ஏறவில்லை. குளிர்காற்று புகுந்துவிட்டது என்று காரணம் சொல்லி, இன்னும் இறுக்கி மூடினார்கள். என் வகுப்பு அதைவிடச் சின்னது, பிடிவாதத்தில் குறைவில்லை. கடைசியில் ஒரு பிள்ளையின் கையும் வெப்பமானியும் சேர்ந்து கையுறைக்குள் போகும்போதுதான் அளவு ஏறும். சூடு கையிலிருந்து வருகிறது, கையுறை அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறது என்று சிலர் அப்போது சொல்வார்கள். மற்றவர்களுக்கு இன்னொரு குளிர்காலம் வேண்டும்.

அறிவியலில் ஊகிக்கச் சொல்கிறேன்; வாசிப்பில் நிலைமை தலைகீழ். படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், ஊகி என்ற முறை இங்கே பல வகுப்புகளில் நெடுங்காலம் இருந்தது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை அதைக் கடுமையாக விமர்சித்தது. 2023 செப்டெம்பரில் வந்த புதிய மொழிப் பாடத்திட்டம் எழுத்தையும் ஒலியையும் ஒழுங்காக இணைத்துக் கற்பிக்கச் சொல்கிறது. காரணம் எளிது. 'மிட்டன்' என்று எழுதியிருக்கும் பக்கத்தில் படத்தைப் பார்த்த பிள்ளை 'க்ளவ்' என்று வாசித்துவிடும். அது கெட்டித்தனம்தான், ஆனால் வாசிப்பல்ல. இப்போது படத்தைக் கையால் மறைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒலித்துச் சேர்க்கிறோம்.

தமிழை எழுத்துக்கூட்டிப் படித்த பெற்றோர், இதில் என்ன புதுமை என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் அவ்வளவு நேர்மையான மொழியல்ல. 'ஸ்னோ'வும் 'நவ்'வும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிகின்றன, ஒலி வேறு. அதனால்தான் குளிர்காலம் முழுக்க இதற்கே போகிறது.

ஆக, காலையில் ஊகிக்காதே என்கிறேன்; பனிக்குவளை வந்ததும் ஊகி என்கிறேன். ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "இது ஊகிக்கிற நேரமா, ரீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள்.