சக்கை எனப்பட்ட சத்து

உண்ணும் உணவில் உடம்புக்கு உதவும் பகுதியைச் சத்து என்றும், உதவாத பகுதியைச் சக்கை என்றும் கூறுவது நம் வழக்கம். கரும்பைக் கடித்துச் சாற்றை உறிஞ்சியபின் சக்கையைத் துப்பிவிடுகிறோம். நெல்லைத் தீட்டி, வெண்மையான அரிசியை நாம் எடுத்துக்கொண்டு, தவிட்டை மாட்டுக்கு வைக்கிறோம். செரிக்காத பொருளால் என்ன பயன் என்னும் எண்ணம் மருத்துவ அறிஞரிடையேயும் நெடுங்காலம் இருந்தது. அவ்வெண்ணம் சரியன்று என்பது இன்று தெளிவாகிவிட்டது.

தவிட்டைத் தின்னும் மாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். பசு வைக்கோலைத் தின்று பால் தருகிறது. ஆயினும், வைக்கோலின் நாரைச் செரிக்கும் ஆற்றல் பசுவுக்கு இல்லை. அதன் இரைப்பையின் முதல் அறையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களே அந்நாரைச் சிதைத்து, பசுவின் உடல் ஏற்கும் பொருளாக மாற்றித் தருகின்றன. நம் உடம்பிலும் இத்தகைய உழைப்பாளர் கூட்டம் ஒன்று உண்டு. பசுவுக்கு அது இரைப்பையில் இருக்கிறது. நமக்கோ பெருங்குடலில் இருக்கிறது.

நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுச்சத்தின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்துவிடும். நார்ச்சத்து அவ்வாறு மாறுவதில்லை. அதனைப் பிரிக்கவல்ல செரிமான நீர் நம் உடம்பில் சுரப்பதில்லை. ஆகவே அது சிறுகுடலைக் கடந்து, பெரிதும் மாற்றமின்றிப் பெருங்குடலை அடைகிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதற்காகக் காத்திருக்கின்றன.

இட்லி மாவு இரவில் பொங்கிப் புளிப்பதை நாம் அறிவோம். பெருங்குடலில் நிகழ்வதும் ஒருவகைப் புளிப்பே. நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைச் சிதைக்கும்போது அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் மூன்று அமிலங்கள் முதன்மையாகத் தோன்றுகின்றன. இவற்றுள் பியூட்டிரிக் அமிலமே பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்குத் தலையாய உணவாகும். உடம்பின் பிற உறுப்புகள் இரத்தத்தின் வழியாக உணவு பெற, இச்சுவர் மட்டும் தன் உணவின் பெரும்பகுதியைக் குடலின் உள்ளிருந்தே பெறுவது வியப்பன்றோ! அன்றியும், அமிலத்தன்மை மிகுந்த குடலில் நோய்க்கிருமிகள் சில எளிதில் பெருகுவதில்லை. சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்பதற்கும் அத்தன்மை துணைபுரிகிறது.

நார்ச்சத்தே கிடைக்காவிடில் இந்நுண்ணுயிர்கள் என்ன செய்யும்? எலிகளுக்கு நாரற்ற உணவையே கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பசித்த நுண்ணுயிர்கள் குடற்சுவரைப் போர்த்திக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின, படலம் மெலிந்தது, நோய்க்கிருமி சுவரை நெருங்க வழி பிறந்தது. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கும் நேரும் எனக் கூறுதல் பொருந்தாது. எனினும், அக்காட்சி எண்ணிப் பார்க்கத்தக்கது.

எல்லா நாரும் இவ்வாறு உணவாவதில்லை. சில நார்கள் பெரிதும் சிதையாமலே சென்று, மலச்சிக்கலைப் போக்குவதோடு நின்றுவிடும். நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகி அவற்றை வளர்க்கும் பொருள்களுக்குப் ‘பிரிபயாட்டிக்’ என்று கிப்சன், ராபர்பிராய்ட் என்னும் அறிஞர் இருவர் 1995-ஆம் ஆண்டில் பெயரிட்டனர். தயிரும் மோரும் நுண்ணுயிர்களையே குடலுக்குக் கொண்டுசெல்வன. அவை விதை போல்வன. பிரிபயாட்டிக் பொருள்களோ நிலத்திலுள்ள பயிருக்கு இடும் எரு போல்வன.

இவ்வெரு கிடைக்கும் இடம் நம் அடுக்களையே. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் இவ்வகை நார் நிரம்ப உண்டு. மீண்டும் தளிர்ப்பதற்கென்று செடி தன் கிழங்கில் சேமித்து வைத்த உணவே அது. துவரை, உளுந்து, கொண்டைக்கடலை முதலிய பருப்பு வகைகளிலும் செரியாத சர்க்கரைகள் உள்ளன. வாழைக்காயின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலில் செரிப்பதில்லை. காய் கனியும்போது அம்மாவு இனிய சர்க்கரையாக மாறிவிடும். எனவே நுண்ணுயிர்களுக்குப் பழத்தைவிடக் காயே நல்விருந்து. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி இறுகி, செரிக்க அரிதாகிறது. அச்சோற்றில் நீரூற்றி வைத்து, மறுநாள் மோர்விட்டுச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்ணும் உழவரின் காலையுணவில் விதையும் எருவும் ஒருங்கே அமைந்துள்ளன. பழையது என்று அதனை இகழ்வோர் இதனை அறியார் போலும்!

தாய்ப்பாலிலும் குழந்தையால் செரிக்க இயலாத சர்க்கரைகள் மிகுதியாக உள்ளன. அவை குழந்தைக்கு நேரே உணவாவதில்லை. அதன் குடலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன.

பத்து வயதுக்கு மேற்பட்டோர் நாள்தோறும் 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து உண்ணவேண்டும் என 2023-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நன்கு தீட்டிய அரிசியை மட்டும் நம்பினால் இவ்வளவு கிடைப்பது அரிது. அதற்காக ஒரே நாளில் பருப்பும் பூண்டும் மிகுதியாக உண்பதும் தகாது. நுண்ணுயிர்கள் உழைக்கும்போது வாயுவும் தோன்றும், வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருகிவரின் குடல் பழகிக்கொள்ளும். குடல்நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே உண்ணல் வேண்டும்.

இவ்வறிவு நோயாளரின் படுக்கையருகிலும் பயன்பட்டிருக்கிறது. வாந்திபேதி என்னும் காலரா நோயில் சிறுகுடலிலிருந்து நீர் பெருக்கெடுத்து வெளியேறும். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பருகக் கொடுத்து உயிரைக் காக்கலாம். ஆனால் பேதி உடனே நிற்பதில்லை. பெருங்குடலில் தோன்றும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உடம்புக்குள் மீண்டும் இழுக்கவல்லவை. எனவே, செரிக்க அரிதான மக்காச்சோள மாவைக் கரைசலில் சேர்த்தால் என்ன என்று வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் இராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியோரும் எண்ணினர். காலரா நோயாளர் 48 பேரிடம் அவர்கள் செய்த ஆய்வின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மாவு கலந்த கரைசலைப் பருகியோருக்கு நீரிழப்புக் குறைந்தது. பேதியும் விரைவில் நின்றது. அடுத்த ஆண்டில், வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவில், நாள்பட்ட பேதியால் மெலிந்த குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயைச் சோற்று உணவோடு கலந்து கொடுத்துப் பார்த்தனர். அங்கும் பேதி தணிந்தது.