செண்பகத்தோப்பில் படம் எடுக்க ஏற்ற நேரம் எது?

விடுமுறையில் குடும்பத்துடன் செண்பகத்தோப்புக்குப் போகும் நாம், மாலையில் எடுத்த படங்களில் மலை கறுத்துக் கிடப்பதைப் பார்த்து ஏமாந்துபோகிறோம். குறை செல்போனில் இல்லை, நாம் போகும் நேரத்தில் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள இந்த இடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். காலை வெயில் மலைமீது நேராக விழும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் நம் பக்கச் சரிவு நிழலாகிவிடும். எனவே ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்புவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வழியிலுள்ள கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். காற்று எழுவதற்குமுன் பார்த்தால், மலை அதில் தலைகீழாகத் தெரியும்.

மேகம் ஓடும் நாளில் காட்சி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இடம் மாறாமல் காத்திருந்தால், மேக இடைவெளியில் ஒரு சரிவில் மட்டும் வெயில் விழும்போது படம் எடுக்கலாம். திரையில் மேகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் வானம் வெளுக்காது.

அதே மேகத்தில் ஆபத்தும் உண்டு. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்கும் நமக்குத் தெரியாது. இங்கே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடலாம். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பிள்ளைகளை உடனே கரையேற்றிவிட வேண்டும். ஓடை நடுவே பாறையில் நின்று படம் எடுப்பதைத் தவிர்ப்போம்.

1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமான இக்காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது. வனத்துறை அனுமதிக்கும் நேரத்தையும் எல்லையையும் ஒரு படத்துக்காக மீற வேண்டாம்.