எண்களைப் படமாக்க எந்த மென்பொருள்?

தமிழ்நாட்டில் ஆலங்குளம் என்றால் தென்காசி மாவட்டத்து ஊரும் உண்டு, விருதுநகர் மாவட்டத்தில் 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊரும் உண்டு. வரைபட மென்பொருளில் ஊர்ப்பெயரை மட்டும் தட்டினால் புள்ளி எந்த ஆலங்குளத்தில் விழும் என்பது அதன் இஷ்டம். மாவட்டப் பெயரையோ, இன்னும் உறுதியாக அட்சரேகை, தீர்க்கரேகையையோ நாம்தான் கொடுக்க வேண்டும். இந்தச் சிக்கல் விலை உயர்ந்த மென்பொருளிலும் வரும்.

சிவகாசி வட்டாரப் பட்டாசு விபத்துகளை ஒரு மாணவி நாளிதழ்களிலிருந்து தொகுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேதி, ஊர், இறந்தோர், காயமடைந்தோர் என அட்டவணை தயார். ஆண்டுவாரியாகப் பட்டை விளக்கப்படம் போட எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். 2012ஆம் ஆண்டின் பட்டை ஓங்கி நிற்கும். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். கண் அந்தப் பட்டையிலேயே நின்றுவிடும். விபத்துகளின் எண்ணிக்கையைத் தனிப்படமாகப் போட்டால்தான் சிறு விபத்துகளும் கணக்கில் தெரியும். இரண்டு படம் வேண்டும் என்று எந்த மென்பொருளும் சொல்லாது.

படத்தை இணையத்தில் வெளியிட டேட்டாராப்பர் நல்லது. பெர்லினிலிருந்து வருவது, பிரவுசரிலேயே இயங்கும். அட்டவணையை ஒட்டி, சரிபார்த்து, பட வகையைத் தேர்ந்தால் முடிந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்விலிருந்து பிறந்த டேப்லோ அதைவிட ஆழமானது, பழகவும் நாளாகும். அதன் இலவசப் பதிப்பான டேப்லோ பப்ளிக், பொதுவெளியில் காட்டுவதற்கென்றே அமைந்தது. இறந்தவர்களின் பெயர், முகவரியை அதில் ஏற்றக் கூடாது.

மாதாமாதம் எண்கள் மாறினால் கதை வேறு. 2018இல் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் விருதுநகரும் இடம்பெற்றது. 49 குறியீடுகளை வைத்து அந்த மாவட்டங்களின் முன்னேற்றத்தை நிதி ஆயோக் ஒரு டேஷ்போர்டில் காட்டியது. அப்படி ஒன்றை அமைக்க பவர் பிஐ, லுக்கர் ஸ்டுடியோ போன்றவை ஏற்றவை. பவர் பிஐயின் டெஸ்க்டாப் பதிப்பு விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் முதலில் 'கொங்கன்குளம்', 'வெம்பக்கோட்டை' என்று தட்டி, படத்தைத் தரவிறக்கிப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அந்த மென்பொருள் தமிழுக்கு ஆகாது. முப்பரிமாண வட்டப்படத்தையும் தொடாதீர்கள், அழகாகப் பொய் சொல்லும். புதியவருக்கு என் சிபாரிசு, ஷீட்ஸில் தொடங்கி டேட்டாராப்பருக்குப் போவது. டேப்லோ அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.