ஒரு முகவரி, பல கணினிகள்

நம் வீடுகள் பலவற்றில் இன்று கணினிகளும் கைத்தொலைபேசிகளுமாக நாலைந்து கருவிகள் உள. இணைய இணைப்போ ஒன்றே. ஓர் இணைப்பை நால்வர் ஒரே வேளையில் எங்ஙனம் ஆளுகின்றனர் என மாணவர் சிலர் என்னிடம் வினவியதுண்டு. வினா எளியது. அதன் விடை பொறியியலோடு நில்லாது, வீட்டின் நீதியையும் தொடுகின்றது. அதனாலேயே அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

1981ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறை, பூச்சியமும் ஒன்றுமாகிய 32 இலக்கங்களால் கணினிக்கு முகவரி வகுத்தது. அவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் ஏறக்குறைய 429 கோடி. கணினிகள் அரிதாயிருந்த அக்காலத்தில் அது வற்றாத கடலாகத் தோன்றிற்று. பத்தாண்டுகள் கழிந்ததும் பஞ்சம் கண்ணுக்குப் புலனாயிற்று. 1994 மே மாதத்தில் எகெவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் ஓர் உபாயத்தை வெளியிட்டனர்: உள்ளே பல கணினிகள் இருக்கட்டும், வெளியுலகுக்கு அவை ஒரு சில முகவரிகளையே காட்டட்டும். இதனைத் தற்காலிகத் தீர்வாகவே அவர்கள் கருதினர். 2011 பெப்ரவரி 3ஆந் திகதி முகவரிகளின் மத்திய இருப்புத் தீர்ந்தது. 128 இலக்க முகவரிகள் அதற்கு முன்னரே வகுக்கப்பட்டுப் பரவி வருகின்றன. ஆயினும் தற்காலிகமாக வந்த உபாயம் இன்றும் வீடுகளில் நிலைத்திருக்கின்றது.

வீட்டிலுள்ள ரவுட்டரை மாணவர் விடுதியின் மேற்பார்வையாளருக்கு ஒப்பிடலாம். மாணவர் எழுதும் கடிதங்கள் யாவற்றிலும் அவர் விடுதியின் முகவரியையே இடுகின்றார். கூடவே ஓர் எண்ணையும் பொறித்து, அவ்வெண் யாருக்குரியதெனத் தம் ஏட்டிற் குறித்துக்கொள்கின்றார். பதில் வந்ததும் ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கின்றார். இவ்வெண்ணே துறை எண் எனப்படுவது. அதற்கு 65,536 பெறுமானங்கள் உண்டு. ஆதலின் வீடொன்றுக்கு எளிதிற் குறைவு வராது.

இதன் விளைவு யாது? வெளியுலகின் கண்ணுக்கு வீடு முழுவதும் ஓர் ஆள். பரீட்சைக்குப் படிக்கும் மகளும், திரைப்படம் பார்க்கும் மகனும், கணக்கு அனுப்பும் தந்தையும் அங்கே வேறுபடுவதில்லை. யாருக்கு முதலிடம் என்பதை வீடே தீர்மானித்தாக வேண்டும்.

2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை எங்கள் வீட்டுக்கும் வந்தது. முன்னறையில் நான் இணையவழி பாடம் நடத்துவேன். பின்னறையில் என் மருமகள் தன் வகுப்பைக் கேட்பாள். தம்பி தன் அலுவலகத்துக்குப் பெரிய காணொளியொன்றை அனுப்பத் தொடங்கியதும் எங்கள் இருவர் குரலும் அறுந்து போகும். இன்னும் பெரிய இணைப்பு வாங்க வேண்டும் என்பதே வீட்டார் அனைவரதும் தீர்ப்பு.

நோயின் வேர் வேறிடத்தில் உளது. தரவுப் பொதி தவறிப்போகக் கூடாதென்று, ரவுட்டர் செய்வோர் அதனுள் பெரிய காத்திருப்பிடம் அமைத்தனர். அனுப்பும் கணினியோ, பொதி தவறினாலன்றித் தன் வேகத்தைத் தணிப்பதில்லை. ஆகவே காத்திருப்பிடம் நிரம்பும் வரை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். மிகச் சிறிய குரற்பொதி அந்நீண்ட வரிசையின் கடைசியில் நிற்கும். தன் முறை வருமுன் பேச்சு பொருளிழந்து விடும். ஜிம் கெற்றிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதனை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தினார்.

மருந்தின் முதற்பகுதி அதற்கும் முந்தியது. 1985இலேயே ஜோன் நேகிள் என்பார், அனுப்புவோர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொதியாகச் சுற்றி எடுக்கலாம் என எழுதினார். மிகுதியாக அனுப்புபவன் தன் வரிசையைத் தானே நீட்டிக்கொள்வான். பிறர் வரிசையை அவனால் நீட்ட முடியாது. பொதி எவ்வளவு நேரம் காத்திருக்கின்றது என்பதைக் கொண்டே வரிசையை ஒழுங்கு செய்யும் முறையை 2012இல் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகியோர் வெளியிட்டனர். இவ்விரு கருத்துகளையும் இணைத்த முறையை 2018இல் இணையப் பொறியியற் செயலணி ஆவணமாக வெளியிட்டது. சில ரவுட்டர்களில் இத்தகைய வசதி எஸ்.கியூ.எம். என்னும் பெயரில் உண்டு. அஃதில்லாதவிடத்துப் பெருங்கோப்புகளை இரவில் அனுப்புவதென வீட்டார் தமக்குள் உடன்படலாம்.

இணைப்பைப் பெரிதாக்க வசதியுள்ளோர் ஆக்கட்டும். வசதியற்ற வீட்டிலும் பாடம் கேட்கும் பிள்ளை உண்டு. அப்பிள்ளைக்குத் தேவையான அகலம் சிறிது. தன் முறை தாமதமின்றி வருவதே பெரிது. ஒழுங்கற்ற வரிசையில், உரக்கக் கேட்பவனே நிறையப் பெறுகின்றான். ஆசிரியர்களும் பெற்றோரும் புதிய இணைப்புக்குப் பணம் தேடுமுன், வீட்டு வரிசை எப்படி நிற்கின்றதென ஒருமுறை பார்த்தல் நன்று.