மார்க்கரில் யாளி: கார்டு கேமுக்கு வரைபவர்களுக்கு விழுப்புரம் பாறைகளில் என்ன இருக்கிறது?

டிராகன், கிரிஃபின், யூனிகார்ன்... ஃபேன்டசி கார்டு கேமுக்கு ஒரு விநோத மிருகம் வரையணும்னு உட்கார்ந்தால், பலருடைய கை முதலில் போவது பின்ட்ரஸ்ட்டுக்குத்தான். அங்கே வந்து விழுவது பெரும்பாலும் ஐரோப்பா, ஜப்பான் சரக்கு. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருப்பவருக்கு பைக்கில் போய்வரும் தூரத்திலேயே ரெஃபரன்ஸ் கிடக்கிறது.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் இருக்கிறது கீழ்வாலை. இங்குள்ள பாறைகளில் செங்காவி நிறத்தில் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் உள்ளன. அவற்றில் பறவை முகத்துடன் மனித உருவங்கள். ஒருவர் விலங்கின் மேல் அமர்ந்திருக்கிறார். முகமூடி அணிந்தவர்கள் என்றும் சொல்கிறார்கள். ஷேடிங் கிடையாது, ஒரே கலர். அந்த அலகு ஒன்றே போதும், இது சாதாரண ஆள் இல்லை என்று புரிந்துவிடுகிறது.

கார்டுக்கு இதுதான் தேவை. 1993-ல் வந்த 'மேஜிக்: தி கேதரிங்' கார்டின் அளவு சுமார் 63 x 88 மி.மீ. பெயர், விதிகள் எல்லாம் போக படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி இடம். எதிரில் இருப்பவர் தலைகீழாகப் பார்த்தாலும் தெரிய வேண்டும். செதில் செதிலாக வரைந்து என்ன பயன்? உருவத்தின் வெளிக்கோடு பேசணும். இது புதுப் பிரச்சினையும் இல்லை. மேற்கு வங்கத்தின் பிஷ்ணுபூரில் வட்டமான தசாவதாரச் சீட்டுகளை கையால் வரைகிறார்கள். ஒரு கட்டுக்கு 120 சீட்டு. மச்சாவதாரத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை என்று சட்டெனத் தெரியும் அடையாளங்கள்.

யாளிக்கு என்ன அடையாளம்? விழுப்புரம் மாவட்டம் பனமலையில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. அவன் காலக் கோயில்களின் முத்திரையே பாயும் சிங்கத் தூண்கள்தான். பின்னாளில் சிங்க உடலில் யானைத் துதிக்கை ஒட்டிய யாளிகளும் வந்தன. இரண்டு மிருகங்களைச் சேர்க்கும்போது ஒட்டு தெரிவதுதான் சிக்கல். யாளிச் சிற்பங்களில் கழுத்தைச் சுற்றி இருக்கும் சுருள் பிடரியை கவனியுங்கள். ஒட்டு இருக்கும் இடமே அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

இனி மார்க்கர். ஆல்கஹால் மார்க்கரில் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும். ஈரம் காய்வதற்குள் அடுத்த நிறத்தைச் சேர்த்தால்தான் கலக்கும். அடர்த்தியாகப் போட்டுவிட்டால் திரும்ப வழியில்லை. கண், பல் போன்ற வெள்ளை இடங்களை முதலிலேயே விட்டுவிட வேண்டும். மறந்தால் வெள்ளை ஜெல் பேனாதான் கதி. சாதாரண ஏ4 தாளில் மை ஊறிப் பின்பக்கம் வந்துவிடும், மார்க்கர் பேப்பர் நல்லது. கார்டைவிட இரு மடங்கு அளவில் வரைந்து சுருக்கினால் கோடுகள் கூர்மையாக வரும்.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கீழ்வாலையின் சிவப்பு, இரும்புத் தாது கலந்த காவி. அதனால்தான் இத்தனை காலம் நிற்கிறது. ஆல்கஹால் மார்க்கரில் இருப்பதோ சாயம். வெளிச்சம் பட்டால் வெளுக்கும். நாள் கணக்கில் உழைத்து வரைந்த யாளியை ஃபிரேம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினால், கொஞ்ச காலத்தில் அது சோகையாகிவிடும். எனவே வரைந்து முடித்த அன்றே ஸ்கேன். ஒரிஜினலை விற்பதாக இருந்தால், நேரடி வெயில் படக் கூடாது என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

நியான் மார்க்கர் மட்டும் வேண்டாம். நான்கு வண்ண அச்சில் அந்தப் பளபளப்பு வராது.