கீமோதெராபி சிகிச்சை: உடல் நலத்தையும் செலவையும் சமாளிப்பது எப்படி?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மூத்த குடிமக்களுக்கான கையேடு

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் பலருக்கும் இரண்டு பயங்கள் வருகின்றன. ஒன்று, உடல் தாங்குமா என்ற பயம். மற்றொன்று, செலவுக்கு என்ன செய்வது என்ற பயம். இரண்டாவது பயத்தால் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுபவர்களும் உண்டு. அப்படி விட வேண்டிய அவசியமில்லை. கிடைக்கக்கூடிய உதவிகளை முன்கூட்டியே அறிந்துகொண்டால் இரண்டையும் சமாளிக்கலாம்.

கீமோதெராபி ஏன் பல தவணைகளாகத் தரப்படுகிறது?

கீமோதெராபி மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களை அழிக்கிறது. புற்றுநோய் அணுக்களோடு, முடி, வாய், குடல், இரத்தம் ஆகியவற்றின் நல்ல அணுக்களும் பாதிக்கப்படுகின்றன. அதனால்தான் முடி உதிர்தல், வாய்ப்புண், வாந்தி, சோர்வு போன்றவை ஏற்படுகின்றன. நல்ல அணுக்கள் மீண்டு வர இடைவெளி தேவை. எனவே மருந்து பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றப்படுகிறது. தவணையைத் தவறவிட்டால் எஞ்சிய புற்றுநோய் அணுக்கள் மீண்டும் வளர வாய்ப்புக் கிடைக்கும். குறித்த நாளில் போக முடியாவிட்டால், உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி வேறு நாள் கேளுங்கள்.

காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் சிறு கிருமித் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டில் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 999க்கு அழையுங்கள். கீமோதெராபி பெறுகிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும்.

தோட்டத்து வாழ்க்கையில் கவனிக்க வேண்டியவை

மலையின் குளிர் சிலருக்குத் தொல்லை தரும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து பெறுபவர்களுக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரல்கள் கூசும், மரத்துப்போகும். அவர்கள் மருந்து ஏற்றிய பின் சில நாள்களுக்கு வெந்நீரையே பயன்படுத்த வேண்டும். கையுறை, காலுறை அணிய வேண்டும்.

காய்கறிக் கொல்லையில் வெறுங்கையால் மண்ணைக் கிளற வேண்டாம். பூச்சிமருந்து தெளிக்கும் இடத்திற்குப் போக வேண்டாம். உணவு நன்கு வெந்ததாக இருக்கட்டும். வாயை உப்பு நீரால் அடிக்கடி கொப்பளியுங்கள். மருந்து ஏற்றிய 2 நாள்களுக்குச் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். ஆகவே கழிப்பறையில் இரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். துணி துவைப்பவர்கள் கையுறை அணியட்டும்.

வாந்தியைத் தடுக்கத் தரப்படும் சில மருந்துகள் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டு மருந்து, கஷாயம், மூலிகை மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொள்ளாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். தேநீர் அந்தச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

ஈப்போ, கோலாலம்பூர் போன்ற இடங்களுக்குப் போக வேண்டியிருந்தால் சீக்கிரம் புறப்படுங்கள். தாப்பா சாலையின் வளைவுகள் குமட்டலைக் கூட்டும். வாந்தித் தடுப்பு மாத்திரையைப் பயணத்திற்கு எவ்வளவு நேரம் முன்பு சாப்பிட வேண்டும் என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

செலவுக்கு என்ன உதவி உண்டு?

அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறக் காப்புறுதி தேவையில்லை. குடிமக்களுக்கான கட்டணம் மிகக் குறைவு. அடையாள அட்டையைக் காட்டி மூத்த குடிமக்களுக்கான சலுகை பற்றிக் கேளுங்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் கூடுதல். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள், சிகிச்சை தொடங்குமுன் மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியைச் சந்தியுங்கள்.

எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் 2019ஆம் ஆண்டு தொடங்கிய பெக்கா பி40 திட்டம் உண்டு. சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களுக்கு அதில் மொத்தம் 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகை கிடைக்கும். சிகிச்சை தொடங்கும்போது 300 ரிங்கிட், முடிந்ததும் 700 ரிங்கிட். தீபகற்பத்தில் வாழ்பவர்களுக்குப் பயணச் செலவுக்கு 500 ரிங்கிட் வரை உண்டு. விண்ணப்பம் மருத்துவமனை வழியாகச் செய்யப்படும். சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள்.

- மருத்துவமனை வழங்காத மருந்தோ கருவியோ வாங்க வேண்டியிருந்தால், சமூகப் பணி அதிகாரி வழியாக மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.
- ஊழியர் சேமநிதியில் பணம் இருந்தால், புற்றுநோய் சிகிச்சைக்காக அதிலிருந்து எடுக்கலாம். பிள்ளைகளும் பெற்றோருக்காகத் தங்கள் சேமிப்பிலிருந்து எடுக்க வழியுண்டு.
- 60 வயது ஆகாத, இனி வேலை செய்ய முடியாத தொழிலாளர்கள் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம். வயது கடக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்களுக்கு

நோய் கண்டறிந்த பின் எடுக்கும் புதிய காப்புறுதி, பொதுவாக அந்த நோய்க்குப் பணம் தராது. எனவே பழைய காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். பிரிமியம் உயர்ந்துவிட்டால், குறைந்த திட்டத்திற்கு மாற முடியுமா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். மருத்துவக் காப்புறுதிப் பிரிமிய உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்கும்படி பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் அறிவித்தது. வேலையிடம் எடுத்துத் தந்த குழுக் காப்புறுதி, பெரும்பாலும் வேலையைவிட்டு நின்றதும் முடிந்துவிடும். இதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனையில் சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு வரை தருவார்கள்? படுக்கையில் சேராமல் பெறும் கீமோதெராபிக்கும் பணம் உண்டா? உத்தரவாதக் கடிதம் எல்லாத் தவணைக்குமா, ஒரு தவணைக்கு மட்டுமா? பாதியில் தொகை தீர்ந்துபோகும் என்று தெரிந்தால், தீரும்வரை பொறுக்காமல் அரசாங்க மருத்துவமனைக்கு மாற மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். அறிக்கைகள், ஸ்கேன் படங்கள், இதுவரை ஏற்றிய மருந்தின் விவரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோரிக்கையை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். இறுதி முடிவு திருப்தியில்லை என்றால், 6 மாதத்திற்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை. விளக்கம் தேவைப்பட்டால் பேங்க் நெகாராவை 1-300-88-5465 என்ற எண்ணில் அழைக்கலாம்.

படிவம் புரியவில்லையா? மலாய் மொழியில் எழுத வரவில்லையா? வெட்கப்பட வேண்டாம். மகனையோ மகளையோ பக்கத்து வீட்டாரையோ அழைத்துச் செல்லுங்கள். கேட்டால்தான் உதவி கிடைக்கும்.