கியர் ஏன் விழ மறுக்கிறது?

மாணவர்களே, இன்னும் ஓராண்டு ஈராண்டில் உங்களில் பலருக்கு 17 வயது ஆகிவிடும். காடி ஓட்டப் பழகப் போவீர்கள். தானியங்கிக் காடிக்கு மட்டுமே எனத் தனி உரிமம் இருக்கிறது. ஆனாலும் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காடி கைக்கியராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

என்னுடையதும் அப்படிப்பட்ட பழைய காடிதான். ரெம்பியாவிலிருந்து அலோர்காஜா போகும் வழியில் சமிக்ஞை விளக்கில் நின்றேன். பச்சை விழுந்தது, முதல் கியர் விழவில்லை. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்! ஒரு பட்டறையில், "கியர்பெட்டியை இறக்கணும்" என்றார்கள். சம்பளத்தில் பாதி போய்விடுமே என்று இன்னொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. இஞ்சினை அடைத்துவிட்டு, "இப்ப போடுங்க டீச்சர்" என்றார். ஐந்து கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. முடுக்கியதும் மறுபடி முரண்டு. "பெட்டி நல்லாதான் இருக்கு. கிளச்சைப் பார்ப்போம்."

அவருக்கு எப்படித் தெரிந்தது?

காடி நிற்கிறது, சக்கரத்தோடு இணைந்த தண்டும் நிற்கிறது. இஞ்சினோ நிமிடத்திற்குச் சுமார் 800 முறை சுழல்கிறது. கிளச்சை முழுதாக மிதித்தால் கியர்பெட்டியின் உள்தண்டு இஞ்சினிடமிருந்து பிரிந்துவிடும். பிறகு பித்தளை வளையம் ஒன்று கியரின் கூம்பு முகத்தில் உரசி, அந்த உராய்வாலேயே இரு பக்க வேகத்தையும் சமமாக்கும். சமமாகும் வரை வளையத்தின் பற்கள் வழிமறித்து நிற்கும். உங்கள் கைக்குத் தெரியும் 'கடினம்' அதுதான். கிளச் அரைகுறையாகப் பிரிந்தால், அந்தச் சின்ன வளையம் ஓடும் இஞ்சினையே நிறுத்தப் பார்க்கிறது. முடியுமா? இஞ்சினை அடைத்தால் அந்த வேலையே இல்லை.

இந்த ஒத்திசைவு வளையம் 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் முதலில் வந்தது. அதற்குமுன் ஓட்டுநர்கள் இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, கிளச்சை இருமுறை மிதித்து வேகத்தைச் சரிக்கட்டினார்கள். பாவம்!

என் காடியில் கிளச் கேபிள் தளர்ந்திருந்தது. மிதியின் பாதித் தூரம் வீணாய்ப் போயிருக்கிறது. மரையைச் சில சுற்று முறுக்கியதோடு வேலை முடிந்தது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளச் என்றால் காற்றுக் குமிழைச் சந்தேகிக்கலாம். படிவம் 5 இயற்பியலில் வரும் பாஸ்கல் விதியை நினைத்துப் பாருங்கள்: திரவம் அழுத்தத்தை அப்படியே கடத்தும், காற்றோ சுருங்கிவிடும். மிதியை இரண்டு மூன்று முறை குத்தி மிதித்தபின் கியர் விழுந்தால் அதுவே தடயம்.

இஞ்சினை அடைத்தும் எல்லாக் கியரும் இறுகியிருந்தால், கம்பிலிருந்து பெட்டிக்குப் போகும் இணைப்பைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் ஓட்டத்தில் கரகரத்தால் அதன் வளையம் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் பெட்டியைத் திறக்கும் பேச்சு. காலையில் மட்டும் கடினம், ஓடியபின் சரி என்றால் கியர் எண்ணெயைக் கவனியுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சமதரையில், கைபிரேக்கை இழுத்துவிட்டு, ஓட்டத் தெரிந்த பெரியவர்தான் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பல காடிகளில் ரிவர்ஸ் கியருக்கு இந்த வளையமே கிடையாது. இஞ்சின் ஓடும்போது கிளச்சை முழுதாக மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் 'கர்ர்ர்' என்றால், கிளச் இன்னும் பிரியவில்லை.